புக்கிங் ஃபார்மின் பதினோராவது ஷரத்து

முன்பதிவு செய்த வண்டிக்கு டெலிவரி நேரத்தில் விலையை ஏற்றிச் சொன்னால் என்ன செய்வது என்று அறிமுகமானவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டு வண்டி விவகாரம் அலுவலகம் முழுக்கப் பரவியதன் பலன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை புக் செய்திருந்தோம். மாமியாருக்கு முழங்கால் மடங்காது. நடுவரிசையில் காலை நீட்டி உட்கார இடம் வேண்டும் என்பதால் தேர்ந்தெடுத்த மாடல். காத்திருப்பு மாதக்கணக்கில் போனது. ஒருவழியாக ஷோரூமிலிருந்து போன் வந்தது. பேசிய பையன் கலரைச் சொன்னான், சேசிஸ் நம்பரைச் சொன்னான், என்றைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டான். போனை வைக்கப்போகிற நேரத்தில், "ஒரு சின்ன விஷயம் மேடம், விலை கொஞ்சம் ஏறியிருக்கு" என்றான்.

அந்தக் 'கொஞ்சம்' புக் செய்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

நான் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஆர்டர் வாங்கிக்கொண்டுபோன சப்ளையர் பாதி வழியில் போன் செய்து இரும்பு ஏறிவிட்டது, லாரி வாடகை ஏறிவிட்டது என்று சொல்வதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. அங்கே நாங்கள் சண்டை போடுவதில்லை. "எழுத்தில் கொடுங்க, எது எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுங்க" என்போம். எழுதச் சொன்ன மாத்திரத்தில் பாதிப் பேருக்கு இரும்பு விலை இறங்கிவிடும்.

அதே பழக்கத்தில், "தம்பி, இப்ப சொன்னதை அப்படியே மெயில்ல போட்டுடுங்க. கம்பெனி ஏத்தினது எவ்வளவு, வரி எவ்வளவு, நீங்க சேர்த்தது எவ்வளவுன்னு தனித்தனியா வேணும்" என்றேன்.

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

அன்று மெயில் வரவில்லை. பதிலுக்கு இன்னொரு போன் வந்தது. வேறொருவர் முழுப் பணத்தோடு காத்திருக்கிறாராம், அதே கலர்தான் கேட்கிறாராம், நாளைக்குள் சொல்லாவிட்டால் அவருக்குப் போய்விடுமாம். இந்த 'வேறொருவர்' எல்லா ஷோரூமிலும் குடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வீடு பார்க்கப் போனாலும் அவர் நமக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. "கட்டித் தொலைச்சுடலாம். இத்தனை மாசம் காத்திருந்து கடைசியில வண்டியும் இல்லேன்னா அம்மாகிட்ட என்ன சொல்றது?" பழைய வண்டியை அதற்குள் விற்றுவிட்டிருந்தோம். அது ஷோரூமுக்கும் தெரியும், விற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். நான் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய பலவீனம் அதுதான் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

அன்றிரவே ஒரு மெயில் எழுதினேன். நாலு வரிதான். இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில், இந்த விலைக்குப் பதிவு செய்திருக்கிறேன். அந்த விலையில் மீதித் தொகையைக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ள இன்றே தயார். கூடுதல் தொகைக்கான விவரம் எழுத்தில் கிடைத்ததும் அதற்குப் பதில் சொல்கிறேன். அதுவரை எனக்கு ஒதுக்கிய வண்டியை வேறு யாருக்கும் மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

'தயார்' என்ற அந்த வாக்கியம் இல்லாமல் யாரும் மெயில் அனுப்பாதீர்கள். பின்னால் தகராறு முற்றினால், "வாங்குறவங்கதான் பணம் கட்ட வரல, அதனால ரத்து பண்ணிட்டோம்" என்று சொல்வதுதான் டீலருக்குச் சுலபமான வழி. பணத்தோடு நிற்பது நாம், ஒப்புக்கொண்ட விலையில் கொடுக்க மறுப்பது அவர்கள் என்பது காகிதத்தில் பதிவாகிவிட வேண்டும். கோபமாக எழுதுவதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. மூன்றாம் மனிதர் ஒருவர் ஆறு மாதம் கழித்துப் படித்தால் யார் பக்கம் நியாயம் என்று தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.

விவரம் வந்தது. தொகையைச் சொல்லப்போவதில்லை. ஏற்றியதை மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தயாரிப்பாளரின் விலை உயர்வு 34. 'சந்தை நிலவரச் சேர்ப்பு' 40. மேட், கதவுப் பட்டை, பெயின்ட் மேல் பூசும் கோட்டிங், கூடுதல் வாரண்டி அடங்கிய 'கட்டாயத் தொகுப்பு' 20. இவற்றால் கூடிய வரியும் பதிவுச் செலவும் 6.

போனில் ஒரே உருண்டையாக இருந்தது காகிதத்தில் நாலு துண்டாக வந்துவிட்டது. இனி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். விலை ஏறியது நியாயமா அநியாயமா என்று பொதுவாகப் பேசினால் பணவீக்கம், போர், சிப் தட்டுப்பாடு என்று உலகத்தையே துணைக்குக் கூப்பிடுவார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு: இந்தத் துண்டை ஏற்றியது யார், அதை என் தலையில் வைக்க என் கையெழுத்து அனுமதி கொடுத்திருக்கிறதா?

அதற்காகத்தான் புக்கிங் ஃபார்மை எடுத்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாக ஷரத்துகள். பதினோராவது: டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும், தயாரிப்பாளரின் விலை மாற்றமும் அரசு வரி மாற்றமும் வாங்குபவரைச் சேரும். பதினாலாவது: வாங்குபவர் ரத்து செய்தால் முன்பணத்தில் ஒரு பகுதி பிடிக்கப்படும்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் பெரிய தப்பு தெரியாது. சேர்த்துப் படித்தால்தான் பொறி தெரியும். விலையை அவர்கள் ஏற்றலாம். பிடிக்கவில்லை என்று நாம் விலகினால் அபராதம் நமக்கு.

இதைப் பற்றி உலகம் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததில் மனதுக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் கதை. அங்கே பொது ஒப்பந்த ஷரத்துகளுக்கான சட்டம் நான்கு மாதத்துக்குள் கொடுக்க வேண்டிய பொருளுக்கு விலையை ஏற்றும் ஷரத்து போடக்கூடாது என்றது. கார் வியாபாரிகள் உடனே, நான்கு மாதத்தைத் தாண்டினால் டெலிவரி நாளின் விலை என்று அச்சடித்துவிட்டார்கள். 1981 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்து செல்லாது என்றது. வாங்கியவர்கள் எல்லாம் பழைய விலை கிடைத்துவிட்டது என்று துள்ளியிருப்பார்கள். ஆனால் 1984 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் ஷரத்து விழுந்த இடத்தை எப்படி நிரப்புவது என்று சொன்னது. நியாயமான அளவுக்கு உட்பட்ட புதிய விலையை வாங்குபவர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பொதுவான விலைவாசி உயர்வைவிடக் கணிசமாக அதிகம் ஏற்றியிருந்தால் அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். முழு வெற்றி யாருக்கும் இல்லை. இதைப் படித்த பிறகு, என்னுடைய 34-ஐப் பற்றி நான் வைத்திருந்த வீம்பு கொஞ்சம் இறங்கியது என்பது உண்மை.

ஐரோப்பிய ஒன்றியம் 1993-இல் கொண்டுவந்த நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகள் பற்றிய வழிகாட்டுச் சட்டத்தின் பின்னிணைப்பில், நியாயமற்றதாகக் கருதப்படக்கூடிய ஷரத்துகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இறுதி விலை மிக அதிகமாகிவிட்டால் ரத்து செய்யும் உரிமையை நுகர்வோருக்குக் கொடுக்காமல், டெலிவரி நேரத்தில் விலையை நிர்ணயிக்கும் ஷரத்து அதில் வருகிறது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் கிட்டத்தட்ட இதே சங்கதி உண்டு. கவனித்தீர்களா? விலை ஏறவே கூடாது என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. ஏற்றினால் கதவைத் திறந்து வை என்கின்றன.

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றை முதல்முறையாக விளக்கி வைத்தது. நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமில்லாத கட்டணமோ கடமையோ நிபந்தனையோ சுமத்தும் ஒப்பந்தம் அதில் சேர்த்தி. ஆனால் ஷரத்தே நியாயமில்லை என்று வாதாட மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. முறையற்ற வணிகம், சேவைக் குறைபாடு என்று போவதானால் மாவட்டமே போதும். புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம். வழக்குக்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவில் கண்ணாடியில் ஒட்டும் விலைச்சீட்டை 1958-இல் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் அதில் இருப்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. டீலர் அதற்கு மேல் விற்கலாம். அதனால்தான் 2021, 2022-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது அங்கே பல டீலர்கள் மேலே மேலே வைத்து விற்றார்கள். 2022-இன் தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களையே எச்சரிக்க வேண்டியிருந்தது: முன்பதிவு செய்தவரிடம் கூடுதல் கேட்டால் உங்களுக்கு அனுப்பும் வண்டிகளின் எண்ணிக்கை குறையும் என்று. சட்டம் சாதிக்காததை இந்த ஒரு மிரட்டல் சாதிக்கும் என்று எனக்குத் தோன்றியது. டீலர் வாடிக்கையாளருக்குப் பயப்படமாட்டார், வண்டி அனுப்புகிற கம்பெனிக்குத்தான் பயப்படுவார். (எங்கள் தொழிலிலும் அப்படித்தான், பெயர்தான் வேறு.)

கம்பெனியே ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ரிவியன் நல்ல உதாரணம். மின்சார வண்டி செய்யும் அந்த அமெரிக்க நிறுவனத்துக்கு டீலரே கிடையாது, நேரடி விற்பனை. 2022 மார்ச் 1-ஆம் தேதி பிக்கப் வண்டிக்குச் சுமார் 17 சதவீதமும் மற்ற மாடலுக்குச் சுமார் 20 சதவீதமும் விலையை உயர்த்தியது. ஏற்கெனவே முன்பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கும் அதுதான் விலை என்றது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் பதிவுகளை ரத்து செய்யத் தொடங்கினார்கள். மார்ச் 3-ஆம் தேதி அதன் தலைவர் ஆர்.ஜே. ஸ்காரிஞ்ச் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, முதல் தேதிக்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விலையே என்று அறிவித்தார். அங்கே யாரும் கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கவில்லை. திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டியவர்கள், எந்த இழப்பும் இல்லாமல் எழுந்து போக முடிந்தவர்கள். அதுதான் அவர்கள் பலம். என் பதினாலாவது ஷரத்து எவ்வளவு முக்கியம் என்று இதைப் படித்தபோதுதான் முழுதாக உறைத்தது.

'டெலிவரி நாள் விலை' எப்போதும் நமக்கு எதிரி என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கி, மேலே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போனபோது, முன்னாலேயே புக் செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவர்களுக்குக் குறைந்த வரிதானே போட முடிந்தது. சிங்கப்பூரில் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழை மாதம் இருமுறை ஏலத்தில் எடுக்க வேண்டும், அந்த ஏலத் தொகை யார் கையிலும் இல்லை. அதனால் சான்றிதழுக்கு உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் ஒன்று, உத்தரவாதமில்லாதது ஒன்று என்று இரண்டு விதம் விற்கிறார்கள். ஏலம் ஏறினால் கூடுதல் யாருடையது என்பது கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அடுத்துத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "உங்கள் டீலர் அநியாயம் செய்கிறார்" என்று எழுதினால், "டீலர்கள் தனி வியாபாரிகள், விலையை அவர்களோடு பேசிக்கொள்ளவும்" என்று அச்சடித்த பதில் வரும். அப்படிப் பதில் வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் குறை எதுவும் சொல்லாமல் தகவல் மட்டும் கேட்டேன். என் ஆர்டர் உங்கள் கணினியில் எந்தத் தேதியில் ஏறியது? விலை உயர்வு எந்தத் தேதியிலிருந்து? அதற்கு முன் பதிவான ஆர்டர்களுக்குப் பழைய விலை காக்கப்படுகிறதா? இப்படிக் கேட்டால் பதில் சொல்கிற பெண்ணுக்கும் சிக்கல் இல்லை. திரையைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான்.

பதிலைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்து வந்தேன். விலை உயர்வு தேதிக்கு முன் கணினியில் ஏறிய ஆர்டர்களைப் பழைய விலைக்கே டீலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் ஆர்டர் ஏறியதோ அந்தத் தேதிக்குப் பிறகு. நான் முன்பணம் கட்டி ரசீது வாங்கியதோ அதற்கு வெகு முன்னால்! பணத்தை வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, ஆர்டரை ஏற்றாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒழுங்காக அன்றே ஏற்றியிருந்தால் அந்த 34 என்ற துண்டே பிறந்திருக்காது.

புக் செய்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே தயாரிப்பாளரிடம் உங்கள் ஆர்டர் எண்ணைச் சரிபாருங்கள். ஷோரூம் கொடுத்த எண் வேறு, தயாரிப்பாளர் கொடுக்கும் எண் வேறு. இரண்டாவது உங்களிடம் இல்லையென்றால் ஆர்டர் இன்னும் போகாமலே இருக்கலாம்.

ரசீது, ஃபார்மின் இரண்டு பக்கம், தயாரிப்பாளரின் பதில், விலை விவர மெயில் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். வீட்டுக்காரரை வர வேண்டாம் என்றுவிட்டேன். அவர் கூட வந்திருந்தால் நான் பேசி முடிப்பதற்குள் செக்கை நீட்டியிருப்பார்.

மேனேஜர் மரியாதையான மனிதர்தான். காபி வரவழைத்தார். பேச்சை முழுக்கச் சந்தை பற்றியே வைத்துக்கொண்டார். "எல்லா எடத்துலயும் இதான் மேடம் நிலைமை. நாங்க மட்டும் என்ன பண்றது?"

"சார், மத்த எடத்தை விடுங்க. இந்த 40, பதினோராவது ஷரத்துல எந்த வார்த்தைக்குக் கீழ வருது?"

ஃபார்மைத் திருப்பிப் படித்தார். தயாரிப்பாளரின் மாற்றம், அரசு வரி என்ற இரண்டைத்தான் அது சொல்கிறது. 'நடப்பில் உள்ள விலை' என்ற சொல்லில் தங்கள் விலையும் அடங்கும் என்று சொல்லிப் பார்த்தார்.

"அப்படின்னா நீங்க நினைச்சா நாளைக்கே இரண்டு மடங்கா ஆக்கலாம், நானும் வாங்கியாகணும், இல்லேன்னா பதினாலுல அபராதம். ஷரத்துக்கு இதுதான் அர்த்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் அதை எடுத்துக்கிட்டுப் போறேன்."

எங்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். அதில் எந்தக் கணக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அதை எடுத்துடறோம் மேடம்" என்றார். நாற்பது அத்தோடு போயிற்று.

தொகுப்பு விஷயம்தான் வேடிக்கை. "எல்லாத்தையும் வண்டியில போட்டாச்சே மேடம், எப்படிக் கழட்றது?" என்றார். மேட்டைக் கழற்ற முடியாது என்று ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்! நான் ஆர்டர் செய்யாததை வண்டியில் ஒட்டிவிட்டு அதற்குப் பணம் கேட்க முடியாது என்றேன். கூடுதல் வாரண்டி வெறும் காகிதம், இன்னும் பதிவே ஆகவில்லை. அது முதலில் போனது. மேட்டையும் கதவுப் பட்டையையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். கோட்டிங்கைச் சுரண்டி எடுக்க முடியாது என்பதால் அது இலவசம் என்றானது. பணம் கட்டி வாங்கியிருந்தால் அந்தப் பளபளப்பை நான் ரசித்திருக்கவே மாட்டேன்.

மீதி இருந்தது அந்த 34. என் கையில் பலமான காகிதம் இருந்த இடமும் அதுதான், ஷரத்து அவர்கள் பக்கம் இருந்த ஒரே இடமும் அதுதான். தயாரிப்பாளரின் மாற்றம் வாங்குபவரைச் சேரும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மாற்றம் என்னைத் தொட்டதே அவர்கள் தாமதத்தால். தேதிகளை அடிக்கோடிட்டு அவர் முன்னால் வைத்தேன். சேல்ஸ் பையனைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால், ஆர்டர் ஏற்றுகிற வேலை அவனுடையது இல்லை என்று தெரிந்தது. ஆனால் திட்டு வாங்கப்போவது அவன்தான் என்றும் தெரிந்தது. "தம்பியை விடுங்க சார், ஆர்டர் யார் ஏத்தறாங்களோ அவங்களை அப்புறம் கேட்டுக்குங்க. இப்ப தொகையைப் பேசலாம்" என்றேன்.

பாதி அவர்கள், பாதி நாங்கள் என்று முடிந்தது. அந்தப் பாதிக்கான வரி எங்களுடையது. கூட்டிக் கழித்து, முதலில் கேட்ட நூறில் சுமார் பதினெட்டு கொடுத்திருக்கிறோம்.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு இதில் ஏக வருத்தம். "அக்கா, அவ்வளவு நல்ல ஆதாரத்தை வெச்சுக்கிட்டு பாதி ஏன் விட்டீங்க? முழுசா வாங்கியிருக்கலாம்." வாங்கியிருக்கலாம்தான். ஆணையத்துக்குப் போயிருந்தால் தாமதத்தைக் காட்டி முழுதும் கேட்டிருக்கலாம். ஆனால் அதுவரை வண்டி ஷோரூம் தகரக் கூரையின் கீழ் நிற்கும், மாமியார் ஆட்டோவில் காலை மடக்க முடியாமல் மருத்துவமனை போய் வருவார். பழைய வண்டி கையில் இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். இல்லாதபோது அந்தப் பதினேழு எனக்கு அவ்வளவு பெறவில்லை. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒத்துக்கொண்டதையும் வாயோடு விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து புதிய விலை விவரத்தை அச்செடுக்கச் சொல்லி, மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகுதான் மீதிப் பணத்துக்குத் தேதி சொன்னேன். நல்லவேளை. டெலிவரி அன்று கொடுத்த இன்வாய்ஸில் 'கையாளுதல் கட்டணம்' என்று ஒரு புதிய வரி முளைத்திருந்தது. கையெழுத்திட்ட தாளைக் காட்டியதும் கேஷியர் ஒன்றும் பேசாமல் அதை அடித்துவிட்டு வேறு இன்வாய்ஸ் போட்டுக் கொடுத்தார். அது தவறுதலாக வந்ததா பழக்கத்தில் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

சாவி கொடுக்கும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கி, "மேடம், கம்பெனியிலேர்ந்து சர்வே கால் வரும். கொஞ்சம் பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, இல்லேன்னா எங்களுக்கு இன்சென்டிவ் போயிடும்" என்றான். கால் வந்தது. விற்பனைப் பிரதிநிதி எப்படி நடந்துகொண்டார் என்ற கேள்விக்குப் பத்து கொடுத்தேன். விலை சொன்னபடி இருந்ததா என்ற கேள்விக்கு இரண்டு கொடுத்துவிட்டு, ரசீதுத் தேதியையும் ஆர்டர் ஏறிய தேதியையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டையும் திரும்பப் படித்துக் காட்டி, "வருஷம் ஒரே வருஷம்தானே மேடம்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள்.